மிச்ச டப்பா

டாக்டர் திரையில் காட்டிய உலோகக் குழாய், பெயிண்ட் வடிகட்டும் கம்பிவலையைச் சின்னதாகச் சுருட்டி வைத்தது போல இருந்தது. வாய் வழியாகவே இறக்கிப் பித்தக்குழாயில் வைத்துவிடலாம், உள்ளே போனதும் தானாக விரிந்து வழியைத் திறந்து பிடித்துக்கொள்ளும் என்றார். முதலில் வைத்த பிளாஸ்டிக் குழாய் அடைத்துக்கொண்டு என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சலே வந்துவிட்டதால் இந்த ஏற்பாடு. அப்படியானால் ஆபரேஷன் எப்போது என்று கேட்டேன். டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இழுத்தபோதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. கணையத்தில் இருக்கும் புற்றுக்கட்டி ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டுவிட்டது, இனி வெட்டி எடுக்க முடியாது, அதனால்தான் மாற்றத் தேவையில்லாத குழாயாக வைக்கிறோம் என்றார். மஞ்சள் காமாலை இறங்கும், அரிப்பு நிற்கும், நன்றாகச் சாப்பிடுவார், ஆனால் கட்டி அங்கேயேதான் இருக்கும். மருந்து கொடுத்துப் பார்க்கலாம், வருஷக்கணக்காக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வெளியே வந்தபோது அழுகை வரவில்லை. பசித்தது. கேன்டீனில் உட்கார்ந்து இரண்டு பன் தின்றேன்.

என் வீட்டுக்காரர் பெயிண்டர். நான் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் மெஷின் முன்னால் நிற்பவள். எங்கள் இரண்டு பேருக்கும் நிறம்தான் சோறு போடுகிறது, அப்படியும் கோட்டை விட்டோம். அவர் அப்போது ஒரு மழலையர் பள்ளிக்கு எலுமிச்சை மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார். கண் மஞ்சளாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, "சுவரு அடிக்குது" என்றார். புதிதாக அடித்த சுவர் பக்கத்தில் நிற்கிற ஆள்மேல் தன் நிறத்தைக் கொஞ்சம் பூசத்தான் செய்யும், அது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். சாப்பாடு கொண்டுபோன இடத்தில் நானும் பார்த்துவிட்டுச் சரிதான் என்றேன். வேறு யாராவது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். பள்ளி வேலை முடிந்தும் மஞ்சள் அவரோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் நாங்கள் போனோம்.

உலோகக் குழாய் வைத்தபின் டாக்டர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. தினமும் காலையில் அவரை ஜன்னலோரம் நிறுத்திக் கண்ணைப் பார்ப்பேன். மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, ஒரு நாள் சுத்தமாகக் காணவில்லை. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, அண்ணன் மறுபடி மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார் என்று சிரித்தாள். நான் "ம்" என்றேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் எழுந்திருப்பேன். அவர் இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று தட்டை நீட்டுவார், நான் சோற்றைப் போடுவேன். தெரியாமலே அவர் போய்விடக் கூடாது, நான் சொல்லித் தெரிந்துகொள்ளவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மரத்துப்போய்ப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறேன் என்றார். எங்கள் ஹாலில் ஊரார் வீட்டு மிச்சமெல்லாம் இருந்தது, ஒரு சுவர் வங்கியின் நீலம், ஒரு சுவர் யாரோ ஒருவருடைய படுக்கையறை. நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த வெளிர்பச்சையைக் கலந்து எடுத்துவரச் சொன்னார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் வேலை முடிந்து கிளம்பும்போது, மிஞ்சிய பெயிண்டை வடிகட்டிச் சின்ன டப்பாவில் ஊற்றி, மூடியில் அறையின் பெயரை எழுதி வீட்டம்மாவின் கையில் கொடுப்பார். கீறல் விழுந்தால் அவர்களே தொட்டுக்கொள்ளத்தான். அந்த டப்பாவெல்லாம் அவரவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று நான் கேலி செய்வேன். நம் வீட்டுக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஒருமுறை கேட்டதற்கு, "பெயிண்டரே கூட இருக்கான், டப்பா எதுக்கு?" என்றார்.

ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து அடித்தார். மூச்சு வாங்கியது, ஆனால் வேறு யாரையும் பிரஷ்ஷைத் தொட விடவில்லை. கடைசிச் சுவரும் முடிந்த சாயங்காலம், இனியும் தள்ளிப்போட முடியாது என்று டீயோடு போய் நின்றேன்.

"ஏங்க, டாக்டர் அன்னைக்கு ஒண்ணு சொன்னாங்க."

அவர் திரும்பவில்லை. குனிந்து, பழைய கம்பிவலையில் பச்சையை நிதானமாக வடிகட்டிக்கொண்டிருந்தார். கீழே சின்ன டப்பா ஒன்று இருந்தது. நிறைந்ததும் மூடியை வைத்துச் சுற்றிலும் தட்டினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து 'ஹால்' என்று எழுதினார். பிறகு எழுந்து வந்து என் கையில் கொடுத்தார்.

"நீயே புதுசா கலந்தாலும் இதோட சேராது. கீறல் விழுந்தா இதையே தொட்டுக்கோ. சின்ன பிரஷ் ஒண்ணு கழுவி வெச்சிருக்கேன்."

டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஊதிக் குடித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது, அவர் கண்ணின் வெள்ளையில் சுவரின் பச்சை லேசாக அடித்தது.