மூன்று நொடி

படிவத்தில் இரண்டே கட்டங்கள்தான். சம்மதம், சம்மதமில்லை. அதைப் பார்த்ததும் விஞ்ஞானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெட்டிக்குள் எலியை விட்டு, அதற்கு இடது பொத்தான், வலது பொத்தான் என்று வைத்து, மூளை எப்படி முடிவெடுக்கிறது என்று இருபத்திரண்டு வருடமாக ஆராய்ந்தவள் அவள். கடைசியில் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளையே அந்தப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள்.

அப்பாவுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். எழுபத்தொன்பது வயதுக்கு, ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போனாலும் போகலாம். செய்யாவிட்டால் ஒரு வருடம் ஓடுவதே பெரிய விஷயம். நான்கு மணிக்குள் சொல்லிவிடுங்கள் என்றிருந்தார் டாக்டர். இப்போது மூன்றே முக்கால். தம்பி ஆறாவது தடவையாகப் போனில் கூப்பிட்டான்.

"என்னக்கா, முடிவு பண்ணிட்டியா?"

"நீ சொல்லேன்டா!"

"நான் என்னத்தைச் சொல்ல? முடிவெடுக்கிறதுலதானே நீ பட்டமே வாங்கின?"

"எலி முடிவெடுக்கிறதுலடா, எருமை!"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் போனை வைத்தாள். வீடு மாற்றுவதிலிருந்து கார் வாங்குவதுவரை எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டுவார்கள். சரியாக வராவிட்டால் உருளுவதும் அதே தலைதான்.

அப்பா லாரி ஓட்டி ஓய்ந்தவர். மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக எல்லோரும் எல்லோரையும் கேட்டாயிற்று, இந்த மனுஷரைத் தவிர. அவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"அப்பா, ஆபரேஷன் பண்ணிக்கலாமா, வேண்டாமா?"

பதில் இல்லை. பழக்க தோஷத்தில் அவள் மனசு எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று நொடிக்குள் எந்தப் பொத்தானையும் அழுத்தாத எலிக்கு அவள் ஏட்டில் 'பதிலில்லை' என்று பேர். அந்த வரியை அடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு கணக்குப் போடுவாள். அப்படி எத்தனை ஆயிரம் வரிகளை அடித்திருக்கிறாளோ. சரி, இவரும் வாயைத் திறக்கப்போவதில்லை. எரிச்சலோடு பேனாவைத் திறந்து, சம்மதக் கட்டத்தில் முனையை வைத்தாள்.

"என்னம்மா அவசரம்?" என்றார் அப்பா. "யோசிச்சுக்கிட்டுதானே இருக்கேன்."

முனை நின்ற இடத்தில் மை ஊறிப் பொட்டாகப் பரவியது. ஐயோ, அடித்துப்போட்ட அத்தனை வரிகளிலும் எலி யோசித்துக்கொண்டுதான் இருந்ததோ!

டாக்டர் வாசலில் வந்து நின்றார். "முடிவு பண்ணியாச்சா?"

"கொஞ்சம் இருங்க டாக்டர்."

பேனாவை மூடி அப்பாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.