இரண்டு லைமன்கள்

சவப்பெட்டி தூக்கும் ஆறு பேர் கையில் கறுப்புப் பட்டி கட்டி முடித்த கோரா, ஏழாவதாக வந்த ஆளிடம் பெயர் கேட்டாள்.

"லைமன் ஹேவர்டு."

அவள் கை நின்றது. லைமன் ஹேவர்டுக்குச் சற்று முன்தான் கட்டியிருந்தாள். பல் டாக்டர்; ஊருக்கே தெரிந்தவர். இவருக்கோ கையெல்லாம் தீத் தழும்பு.

பெட்டிக்குள் அப்பா. முப்பது வருஷம் கல்லூரி ஃபுட்பால் கோச். 1903 அணியின் ஆறு பேர்தான் தன்னைத் தூக்க வேண்டுமென்று பெயர்களை எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். மைதானத்துக்கு அவர் பெயரை வைப்பதாக அறிவிக்கக் கல்லூரித் தலைவர் வாசலில் காத்திருந்தார். நேர்மைக்குப் பெயர்போன கோச்.

"ரெண்டு பேரும் லைமனா?"

பழைய கேப்டன் ஹோரஸ் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"எம்பேரு ஓட்டோம்மா. ரயில் பட்டறைக் கொல்லன். சனிக்கிழமை மட்டும் உங்கப்பா என்னை லைமன்னு கூப்பிடுவாரு. காலேஜ் பையன்தான ஆடலாம்? இந்த டாக்டர் பேருல நான் ஆடினேன். இவரு ரூம்ல தூங்கினாரு."

"யோவ், தூங்கலய்யா" என்றார் டாக்டர். "வெளிய தலகாட்டாதடான்னு கோச் சொன்னாரு. கதவ சாத்திட்டு சத்தத்த கேட்டுட்டே உக்காந்திருந்தேன்."

"ஆனா அந்தக் கடைசி ஓட்டத்த மட்டும் தானே ஓடின மாதிரி டாக்டர் வருஷா வருஷம் நீட்டுவாரு" என்றார் ஹோரஸ். "இப்ப தொண்ணூறு கஜம்."

"அம்பது" என்றார் ஓட்டோ.

கோரா சிரிக்கவில்லை. "அப்பா யார நினைச்சு எழுதினாரு?"

ஹோரஸ் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஓட்டோ தூக்கினா யாரு எவருன்னு ஊரு தோண்டும். மைதானத்துக்கு அவர் பேரு வைக்கிறது போயிடும், கோரா" என்றார் ஹோரஸ்.

வாசலிலிருந்து தலைவர் குரல் கொடுத்தார். "ஆரம்பிக்கலாமா?"

பொய் சொன்ன அப்பாவையும், சின்ன வயதில் பொய் சொன்னதற்காகத் தன்னை அறைந்த அப்பாவையும் ஒரே பெட்டிக்குள் வைத்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. டாக்டர் முன்னே வந்து கையை நீட்டினார். எதற்கென்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு அவர் பட்டியின் முடிச்சை அவிழ்த்து, அதை ஓட்டோ கையில் கட்டினாள். சரியா தப்பா, தெரியவில்லை.

பெட்டி வெளியே வந்தது. தலைவர் ஓட்டோவையே பார்த்தார். படியெல்லாம் உறைபனி.

"என்ன டாக்டர், நீங்க தூக்கலயா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவர் என்ன சொல்லப்போகிறார் என்று கோராவும் காத்திருந்தாள். அவர் காதில் அது விழவேயில்லை. பாரத்தோடு படியிறங்கும் ஓட்டோவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டோ முழங்காலை மடக்கியபோதெல்லாம், நின்ற இடத்திலேயே அவருடைய முழங்காலும் லேசாக மடங்கியது.