அக்காவும் பலூனும், அறைக்கு வெளியே நானும்

1

இந்தக் கதை என் அக்காவின் மலச்சிக்கலில் பிறந்தது. முகத்தைச் சுளிக்காதீர்கள், நீங்களும் காலையில் போய்விட்டு வந்துதான் இதைப் படிக்க உட்கார்ந்திருப்பீர்கள். (போகவில்லையென்றால் இன்னும் கவனமாகப் படியுங்கள்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மாலை வெயில் மருத்துவமனைச் சன்னலில் சாய்ந்தபோது அவள் விழிகளில்...' சீச்சீ. அக்கா படித்தால் காறித் துப்புவாள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"என் பேரு மட்டும் வந்துச்சு, அப்புறம் உனக்கு அக்காவே கிடையாதுடி."

2

விஷயம் இதுதான். மலத்தைத் தள்ள முடிகிறதா என்று சோதிக்க, ஆசனவாய்க்குள் சின்ன பலூனை வைத்துத் தண்ணீர் நிரப்பி, வெளியே தள்ளச் சொல்வார்கள். முதல் மருத்துவமனையில் அக்காவால் தள்ள முடியவில்லை. மருந்தும் பயிற்சியும் ஏற்கெனவே தோற்றிருந்தன. ஆபரேஷன் செய்து, மலம் வெளியேற வயிற்றில் பை வைக்கலாம் என்றார்கள். பயந்துபோய் இன்னொரு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே பலூன் சமர்த்தாக வெளியே வந்துவிட்டது. கத்தியே வேண்டாம் என்றார்கள்.

அன்று சமையலறையில் அக்கா உடைந்து அழுதாள். "ரெண்டு பேரும் பெரிய டாக்டருங்க. ரெண்டு பேரும் ரிப்போர்ட்ட நீட்டுறாங்க. நான் எந்த வயித்த நம்புறதுடி?"

அவளைக் கட்டிக்கொண்டேன்.

3

முதல் மருத்துவமனையின் டெக்னீஷியனை வில்லனாக எழுதியிருந்தேன். தடித்த புருவம், அதட்டல் குரல். அந்த வரிகளை அடித்துவிட்டேன். பாவம், அந்த மனிதர் கற்றுக்கொடுத்தபடிதான் செய்தார்: ஒருக்களித்துப் படுக்கவைத்து, சுற்றி நாலு பேர் நிற்க, "முக்குங்கம்மா, முக்குங்க!"

இரண்டாவது இடத்தில் கழிப்பறை நாற்காலியில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டார்கள்.

"படுத்துக்கிட்டு, ஊரே பாக்க, எவளுக்குடி வரும்?" என்றாள் அக்கா. இதை அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. (கதாசிரியைக்கு உறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

4

இங்கே டாக்டர்கள் இருவரும் மேசையைத் தட்டிச் சண்டை போடும் காட்சி ஒன்று...

வேண்டாம். நடந்தது அதைவிட நல்லது. இரண்டாவது டாக்டர் முதல் டாக்டருக்குப் போன் செய்தார். விசாரித்தால் மற்ற ஊர்களிலும் ஆளுக்கொரு முறை. எல்லா இடத்திலும் ஒரே பலூன், ஒரே அளவு தண்ணீர், ஒரே நாற்காலி என்று எல்லா ஊர் டாக்டர்களும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். நோயாளியிடம் என்ன வார்த்தை சொல்வது என்பதற்கே ஒரு கூட்டம் முழுக்கப் போனதாம். சிரித்தேன்; பிறகு மனம் நெகிழ்ந்துவிட்டது. யாரோ பெரியவர்கள் கூடி, என் அக்கா வெட்கப்படக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள்.

அந்த டெக்னீஷியனே கூப்பிட்டார். "வாங்கம்மா, மறுபடி பாத்துரலாம். இந்தத் தடவ உக்காந்து."

5

முடிவு ஒன்று: பலூன் வருகிறது, பை இல்லை. முடிவு இரண்டு: வரவில்லை, ஆனால் எந்த ஊரில் கேட்டாலும் இனி அதே பதில்தான், அக்கா சந்தேகமில்லாமல் ஆபரேஷனுக்குப் போவாள். முடிவு மூன்று:

இதோ, அக்கா உள்ளே போகிறாள். நோட்டும் பேனாவுமாக நானும் பின்னால் போகிறேன். டெக்னீஷியன் கையை நீட்டி மறிக்கிறார்.

"உள்ள யாரும் இருக்கக் கூடாதும்மா. இப்ப எல்லா ஊர்லயும் அதான் முறை."

"நான்தாங்க இந்தக் கதைய எழுதுறவ."

"யாரா இருந்தாலும்."

உள்ளிருந்து அக்காவின் குரல்: "வெளிய போடி! உன் வாசகருங்களையும் கூட்டிட்டுப் போ!"

அவள் குரலில் பயம் இல்லை. கதவு சாத்திக்கொண்டது. வாருங்கள், இந்தப் பெஞ்சில் உட்காருவோம். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கதவை மட்டும் தட்டாதீர்கள்.