ரேடாருக்கு வைத்த பொட்டு

ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் கமலநாதனுக்குச் சோறு இறங்காது. முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் சிக்னல் பழுது பார்த்த கை அது. ஓய்வு பெற்று பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு மின்சாரக் கார் வந்ததும் சின்னப் பிள்ளை கையில் கடிகாரம் கிடைத்த கதையாகிவிட்டது. பிரித்துப் பார்க்கத்தான் முடியவில்லை. மற்ற எல்லாச் சோதனையும் நடந்தது.

ஒரு வாரம் தனியாகவே ஓட்டினார். பக்கத்து இருக்கையில் ஒரு நீல நோட்டுப் புத்தகம். முழுச் சார்ஜில் இன்னும் நானூற்றுப் பத்து கிலோமீட்டர் போகலாம் என்று திரை காட்டியது. ரவாங்குக்கு நெடுஞ்சாலையில் நூற்றுப்பத்தில் பறந்தார். ஓடியது முப்பத்தைந்து, எண்ணில் குறைந்தது நாற்பத்தாறு. திரும்பும்போது மாலை நெரிசலில் ஊர்ந்து வந்தார். அதே முப்பத்தைந்துக்கு இருபத்தேழுதான் குறைந்தது. பெட்ரோல் வண்டிக்கு நெரிசல் என்றாலே வயிற்றெரிச்சல், இதுவோ நெரிசலில் சிக்கனம், வேகத்தில் ஊதாரி! வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்ப உள்ளே போட்டுக்கொள்கிறது என்பது புரிந்ததும் அவருக்கு ஒரே குஷி. ‘எண்ணை நம்பாதே. நாம் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்து வண்டி போடும் கணிப்பு அது’ என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

அதைவிட அவரை மயக்கியது ஓட்டுநர் உதவி. ஸ்டியரிங்கில் இருக்கும் ஒரு பொத்தானை அமுக்கினால், முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டுத் தானே போகும், தானே வேகம் குறைக்கும், வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் பிடித்து வைக்கும். கையை எடுத்தால் அதட்டும். ஓட்டுகிறவர் கண் சொக்கினால் ஒரு காப்பிக் கோப்பைப் படம் போட்டு ஓய்வெடுக்கச் சொல்லும். கோப்பையை மட்டும் அவர் சோதிக்கவில்லை. உண்மையில் அந்தக் கோப்பைக்காகத்தான் இந்த வண்டியையே வாங்கினார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கிள்ளானிலிருந்து திரும்பும்போது, ஃபெடரல் ஹைவேயில் அவருடைய பழைய வண்டி தடுப்புச் சுவரில் மோதியது. பக்கத்தில் இருந்த மனைவி வாணிக்குக் காறை எலும்பு முறிந்தது. லோரி ஒன்று குறுக்கே வந்துவிட்டது என்றார் கமலநாதன். போலீஸிடம் சொன்னார், மச்சினி மலரிடம் சொன்னார், கோயிலில் விசாரித்தவர்களிடமும் சொன்னார். லோரி ஏதும் வரவில்லை. இரண்டு நாள் இரவு வேலை பார்த்த களைப்பில் அவர் கண் அயர்ந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அதன் பிறகு சோறுதான் ருசிக்கவில்லை.

வாணி சண்டை ஏதும் போடவில்லை. எலும்பு கூடியதும், “இனிமே நான் கொமுட்டர்லயே போயிக்கிறேங்க,” என்றாள், அவ்வளவுதான். தங்கை மலரைப் பார்க்கக் கிள்ளானுக்கு ரயிலிலேயே போய்வந்தாள். இரண்டு வருடமாக அவர் வண்டியில் அவள் ஏறவே இல்லை.

இப்போது மலரின் மகள் தாமரைக்கு நிச்சயதார்த்தம். பெரியம்மா வீட்டுச் சீராகப் பதினொரு தட்டு. ஆப்பிள், லட்டு, பட்டுப்புடவை என்று அடுக்கி, பளபளக்கும் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி நிற்கும் தட்டுகளை ரயிலில் கொண்டு போக முடியுமா?

“தட்டுக்காகத்தான் வரேன்,” என்றாள் வாணி.

தட்டுக்காக வந்தாலும் போதும் என்றிருந்தது அவருக்கு. கிள்ளான் முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் இன்னொரு தடவை ஏறுவாள். வழியில் பயந்துவிட்டால் அதோடு சரி, ஆயுளுக்கும் ஏறமாட்டாள்.

ஞாயிறு காலை அவர் தட்டுகளை ஏற்றுவதற்குள் வாணி கீழே வந்து நின்றாள். “புதுக் காடிக்கு இன்னும் பூசை போடலல்ல? எப்படி ஏறுறது?” கையில் சந்தனம், குங்குமம், விபூதி, மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். அவள் மனதில் இருந்த பயம் அத்தனையும் அந்தச் சந்தனத்தில் தெரிந்தது, அவ்வளவு கெட்டி. வண்டியின் முகத்தில் வழவழப்பான கறுப்புச் சதுரம் ஒன்று நடுவில் இருந்தது, பொட்டு வைக்கவென்றே செய்த இடம் போல. அதில் அப்பினாள். முன்கண்ணாடியின் உச்சியில் மூன்று விபூதிப் பட்டை இழுத்தாள். குறுக்கே மாலையைக் கட்டினாள். வண்டி கிளம்பியபோது இன்ஜின் சத்தம் இல்லாததால் நான்கு எலுமிச்சம்பழமும் நசுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. வாணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஃபெடரல் ஹைவேயில் ஏறியதும் கமலநாதன் பெருமையோடு பொத்தானை அமுக்கினார். ‘டிங்’ என்றது. முன்னால் பார்க்க முடியவில்லை, உதவி இப்போது கிடையாது என்று திரையில் எழுத்து வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி ‘டிங்’.

“என்ன சத்தம்?” வாணியின் கை கதவுப் பிடியைப் பற்றியது.

“ஒன்னுமில்ல.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அன்றைக்கு ‘லோரி’, இன்றைக்கு ‘ஒன்னுமில்ல’. சுவரில் மோதிய இடம் இன்னும் சில கிலோமீட்டரில் வரும். அடுத்த பெட்ரோல் எண்ணெய் நிலையத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினார்.

இறங்கி முன்னால் போய்ப் பார்த்தார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், அது சிக்னல்காரன் பாடம். முதலில் மாலையை அவிழ்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார். எழுத்து போகவில்லை. கறுப்புச் சதுரத்தில் இருந்த சந்தனத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணாடியின் உச்சியைப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வண்டியின் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டிருந்தாள் வாணி.

“மாலைய ஏன் அவுக்குறீங்க?” அவள் இறங்கி வந்தாள்.

“இந்தக் கறுப்புக்குப் பின்னால ரேடார் இருக்கு. விபூதி பூசுன இடத்துக்குப் பின்னால கேமரா. ரெண்டும் அதோட கண்ணு.”

“அய்யோ! காடிக்கு நெத்தியிலயா கண்ணு இருக்கும்?” வாணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து அந்தச் சதுரத்தைத் தட்டிப் பார்த்தாள். “சரி, இது பாக்கலன்னா என்ன? பழைய காடிய நீங்கதான பாத்து ஓட்டுனீங்க?”

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. கமலநாதனுக்குத்தான் சுருக்கென்றது. சிக்னலில் ஒரு சட்டம் உண்டு. வயர் அறுந்தாலும் கரண்ட் போனாலும் அது சிவப்புக்குத்தான் போக வேண்டும். தெரியாவிட்டால் சிவப்பு. முப்பத்தொரு வருடம் கம்பம் கம்பமாக ஏறி அதைக் காப்பாற்றியவர், வீட்டில் இரண்டு வருடமாகப் பொய்ப் பச்சை காட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் பழகிய வண்டி, கண் தெரியவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டதே. அவருக்கு வெட்கமாக இருந்தது.

“வாணி, அன்னைக்கு லோரி எதுவும் வரல. நான் தூங்கிட்டேன்.”

அவள் அவரையே பார்த்தாள். “தெரியும்.”

“தெரியுமா?”

“நான் முழிச்சுக்கிட்டுத்தான இருந்தேன்? ரோடே காலியா இருந்துச்சு.”

“பின்ன ஏன் கேக்கல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஆஸ்பத்திரில பாத்தேன், வீட்டுக்கு வந்தும் பாத்தேன். நீங்க என்னடான்னா மலர்கிட்ட லோரி கலர் வரைக்கும் சொல்றீங்க. நீல லோரியாம் லா!” அவள் குரல் உடைந்தது. “தூங்கிப்போன ஆளு பக்கத்துல உக்காந்துரலாங்க. தூங்கவே இல்லன்னு சொல்ற ஆளு பக்கத்துல எப்படி உக்கார்றது?”

கமலநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. “தப்புத்தான்,” என்றார். எண்ணெய் போட வந்த ஒருவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மரியாதையாகத் தள்ளிப் போனார்.

கடைசியில் வாணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். டிஷ்யூவை நனைத்துச் சந்தனத்தைத் தானே துடைத்தாள். விபூதியையும் துடைத்தாள். “வேற எங்கெல்லாம் கண்ணு இருக்கு? ஒழுங்கா சொல்லுங்க,” என்று வண்டியைச் சுற்றி வந்தாள். பக்கக் கண்ணாடிக்கு அடியில் ஒன்று, பின்னால் ஒன்று, ஓட்டுகிறவரைப் பார்த்தபடி உள்ளே ஒன்று என்று அவர் காட்டக் காட்ட, குனிந்து குனிந்து பார்த்தாள். பிறகு கண் இல்லாத இடமாகப் பார்த்து, முன்மூடியின் மேல் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். மாலை பின்னிருக்கையில் தட்டுகளோடு சேர்ந்துகொண்டது.

இந்த முறை பொத்தானை அமுக்கியதும் திரையில் பச்சைக் கோடுகள் எரிந்தன. முன்னால் போன பேருந்து மெதுவானது, வண்டியும் மெதுவானது.

“இப்ப யாரு பிரேக் போட்டா?”

“அதுதான்.”

“அப்ப நீங்க என்ன பண்றீங்க?”

“அது சரியாப் பண்ணுதான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.”

மோதிய இடம் வந்து போனது. வாணி அதை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கை மடியிலேயே இருந்தது.

நிச்சயதார்த்தம் சிறப்பாக முடிந்தது. வாழை இலைச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு மாலையில் கிளம்பினார்கள். ஷா ஆலம் பக்கம் வரும்போது கமலநாதன் தொண்டையைச் செருமினார்.

“வாணி, எனக்குக் கண்ணு சொக்குது.”

அவள் திரையைப் பார்த்தாள். “கப்பு படம் வரலையே?”

“அதுக்கு இன்னும் தெரியல. எனக்குத் தெரியுது.”

வாணி திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். “அடுத்த முக்குல மாமாக் கடை இருக்கு, டீ குடிக்கலாம், நிறுத்துங்க,” என்றாள்.

நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் இரண்டு வந்தது. அவள் நீல நோட்டுப் புத்தகத்தையும் கையோடு எடுத்து வந்திருந்தாள். புரட்டிப் பார்த்தபடியே கேட்டாள்.

“கல்யாணம் மாப்பிள்ளை ஊர்லயாம், ஈப்போவுல. எத்தனை கிலோமீட்டர்?”

“இருநூறு இருக்கும்.”

“நானூத்திப் பத்துன்னு எழுதியிருக்கீங்களே. அப்ப போயிட்டே வந்துரலாம்?”

“வேகமாப் போனா அந்த நம்பர் நிக்காது. நடுவுல எங்கயாச்சும் நிறுத்தி சார்ஜ் போட்டுத்தான் வரணும்.”

“நிறுத்துனா நல்லதுதான்,” என்றாள் வாணி. பேனாவை வாங்கி ஒரு புதுப் பக்கத்தில் எழுதினாள்: ‘ஈப்போ. தட்டு இருபத்தொன்று. ஆள் இரண்டு.’