நான்காம் எண் குப்பி

2012 பிப்ரவரியில் பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராக லீமா அந்தத் தனியார் பள்ளிக்குப் போனாள். தேங்காய்ப்பட்டணத்துக்குப் போகும் சாலையில், தென்னைகளுக்குள் உள்ளடங்கி நின்றது பள்ளி. அவள் உள்ளே வந்ததும் காவலாளி கேட்டைப் பூட்டினான்.

ஆய்வகத்தில் எட்டுக் குப்பிகளில் எட்டு உப்புகள், எண் ஒட்டித் தயாராக இருந்தன. அந்தப் பள்ளியின் வேதியியல் ஆசிரியரும் உள்தேர்வாளருமான ஜெபமணி சிரித்தபடி சொன்னார்:

"நீங்க ஒண்ணும் செய்யாண்டாம் டீச்சர். சும்மா இருந்து கையெழுத்துப் போட்டாப் போதும். எனக்க பிள்ளையள் எல்லாம் ஐம்பதுக்கு ஐம்பதுதான்."

இருநூறு மதிப்பெண்ணில் செய்முறைக்கு ஐம்பது. லீமாவுக்கு அது புதிதல்ல. ஆனால் லேப் உதவியாளர் ஏசுஅடிமை அவளுடைய முகத்தைப் பார்க்காமலே சுவரோரம் நின்ற விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஜெபமணி தேர்வுத்தாள் எடுக்க அலுவலகம் போன சமயத்தில், குப்பிகளின் எண்களை மாற்றி ஒட்டினாள். எந்தக் குப்பி எங்கே என்று தீர்மானிக்க வெளித்தேர்வாளருக்கு உரிமை உண்டு. ஏசுஅடிமை பார்த்துக்கொண்டே இருந்தார். ஜெபமணி திரும்பி வந்தபோதும் அதை அவரிடம் சொல்லவில்லை.

தேர்வுக்கு வந்தவர்கள் பதினாறு பேர். பர்னர்கள் எரிந்தன, ஆனால் சோதனைக் குழாய்கள் தாங்கிகளில் கழுவி வைத்தபடியே இருந்தன. பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதினார்கள். பேனா ஓடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. லீமா வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். நான்காம் எண் குப்பியில் முன்பு ஈய உப்பு, இப்போது துத்தநாக உப்பு. அதை வாங்கிய பையன் 'மஞ்சள் வீழ்படிவு தோன்றியது, ஈயம் உறுதி' என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தான். அவனுடைய குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

அதே குப்பியை வாங்கிய இன்னொருத்தி, மீன் வியாபாரி சிலுவையின் மகள் லிஜி. அவள் ஒருத்தி மட்டும் நிஜமாகவே சோதனை செய்துகொண்டிருந்தாள்.

"டீச்சர், மஞ்சள் வரல்ல."

"வந்ததை எழுது மக்கா."

லிஜி பக்கத்தில் இருந்தவனின் தாளையும் தன் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முதலிலிருந்து ஒவ்வொரு சோதனையாகத் திரும்பச் செய்து, மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது 'துத்தநாகம்' என்று எழுதினாள்.

மதியம் தாள்களைத் திருத்தினாள் லீமா. பதினைந்து பேர் தவறு. லிஜி மட்டும் சரி. ஜெபமணியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் எழுந்து போய்ப் பள்ளித் தாளாளர் சுயம்புராஜைக் கூட்டி வந்தார். சுயம்புராஜ் குரலை உயர்த்தவே இல்லை.

"எல்லாருக்கும் ஐம்பது போட்டிடுங்கோ டீச்சர்."

"காணாததைக் கண்டதா எழுதியிருக்காவ சார். நான் எப்படிப் போடுவேன்?"

"சரி. ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் விடை சரியா இருக்கு. யாராவது சொல்லிக் குடுத்திருப்பாவன்னுதானே ஆளுவ நினைப்பாவ? நீங்க அவகிட்ட நின்னு பேசினதைப் பதினைந்து பேரு பாத்திருக்கு."

ஆனாலும் லீமா திருத்தியபடியே மதிப்பெண்ணைப் பதிந்து கையெழுத்திட்டாள். ஜெபமணியும் மறுப்பில்லாமல் கையெழுத்துப் போட்டார். கேட்டைத் திறந்துவிடக் காவலாளி நெடுநேரம் வரவில்லை.

நான்காம் நாள் லீமாவை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு விசாரணைக்காகக் கூப்பிட்டார்கள். வெளித்தேர்வாளர் ஒரு மாணவிக்கு மட்டும் விடை சொன்னார் என்று பதினைந்து பிள்ளைகளும் கையெழுத்திட்டுப் புகார் கொடுத்திருந்தார்கள். லிஜியையும் வரவழைத்திருந்தார்கள். அலுவலக வராந்தாவில் அவள் தனியாக நின்றாள். உடன் படிப்பவர்கள் எதிர்ச்சுவரில் வரிசையாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லீமா மேசையிலிருந்த விடைத்தாள்களை விசாரணை அதிகாரியின் முன் விரித்தாள்.

"நான் மாத்துறதுக்கு முன்னால இருந்த எண்ணுக்கு இந்தப் பதினைந்து விடையும் சரி சார். பழைய எண் இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அதிகாரி தாள்களைப் புரட்டினார். பிறகு அடுக்கி ஓரமாக வைத்தார்.

"இதைத் தோண்டினா ரிசல்ட் நின்னுபோகும் டீச்சர். மொத்தப் பேருக்கும் மறுதேர்வு வச்சிடுறோம். வேற எக்ஸ்டெர்னல் வருவாங்க. இத்தோட விடுங்க."

"அந்தப் பிள்ளைக்குமா?"

"மொத்தப் பேருக்கும்."

அதன் பிறகு எந்தப் பள்ளிக்கும் லீமாவைத் தேர்வாளராகப் போடவில்லை.

மே மாதம் தக்கலை பஸ் ஸ்டாண்டில் லிஜியைப் பார்த்தாள். பெண் மெலிந்திருந்தாள்.

"செய்முறையில எத்தனை மக்கா?"

"ஐம்பது டீச்சர்."

"மறுதேர்வில நல்லா செஞ்சியா?"

"ஒண்ணும் செய்யல்ல. எல்லாருக்கும் சொன்னதை எனக்கும் சொல்லித் தந்தாவ. எழுதிட்டேன்." அவள் குரலில் வருத்தம்கூட இல்லை. "கிளாஸில ஒருத்தரும் எனக்க பக்கத்தில இருக்கல்ல டீச்சர். எதிர வந்தா தள்ளி நடந்தாவ. அப்பாவை மூணு தடவ ஸ்கூலுக்கு விளிச்சாவ. அப்படி எழுதின பொறவு எல்லாரும் பழையபடி பேசி மிண்டத் தொடங்கிட்டாவ."

லீமா பேச்சை மாற்றினாள்.

"இனி என்ன படிக்கப் போற?"

"நர்சிங் டீச்சர். அங்கயும் பிராக்டிக்கல் உண்டு. அதுக்க விடையெல்லாம் முன்னமே கேட்டு வச்சுக்கிடலாம்னு சொன்னாவ."

லிஜி சிரித்தாள். நாகர்கோவில் பஸ் வந்ததும் கூட்டத்தோடு ஏறிப்போனாள்.