குதிகால் குழிகள்

"கழற்றவே வேணாம்மா, தரை பனிக்கட்டியாட்டம் இருக்கும். செருப்போடவே வா" என்று காதலனுடைய அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

பள்ளியில் இயற்பியல் நடத்தும் டீச்சருக்கு எப்போதும் தட்டைச் செருப்புதான். காதலன் வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறோமே என்று, பென்சில் போன்ற குதிகால் வைத்த ஜோடியை ஆசையாசையாய் வாங்கியிருந்தாள். வழியெல்லாம் அவனிடம் ஒரே கேள்விதான்: "உங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்குமா?"

"அவங்களுக்குப் பரம சந்தோஷம். சும்மா வா."

அவன் அப்பாவுக்குத் தரைவிரிப்பு ஒட்டுகிற தொழில். "மருமக வர்றான்னு நேத்துதான் ஹாலுக்கும் நடைக்கும் வினைல் விரிப்பு ஒட்டினேன். பசைகூட இன்னும் இறுகல. எப்படி?" என்று பெருமையாகக் கேட்டார்.

"ரொம்ப அழகா இருக்கு மாமா."

அந்தப் பூரிப்பில் அவர் மகனையும் இழுத்துக்கொண்டு கேக் வாங்கக் கிளம்பினார். அம்மா சமையலறைக்குள் போனாள். அங்கே அவள் தங்கை, அவனுடைய சித்தி, ஏற்கெனவே பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள்.

சோபாவில் தனியாக இருந்தவளின் காதில் 'டீச்சர்' என்ற சொல் விழுந்தது. போகக் கூடாது என்று தெரியும். ஆனால் கால் எழுந்துவிட்டது. நடை வழியே ஓசைப்படாமல் போய், சமையலறைக் கதவோரம் ஒரு காலில் சாய்ந்து நின்றாள்.

"உனக்குப் பிடிச்சுதான் சரின்னியாக்கா?" இது சித்தி.

"எனக்குப் பிடிச்சிருக்கான்னு யாருடி கேட்டா? அவன் வந்தான், இவதான்னான். வேணாம்னு சொன்னா புள்ள போயிடுவானோன்னு பயம். தலையாட்டிட்டேன்."

டீச்சர் வந்த வழியே திரும்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மா பலகாரத் தட்டோடு வந்தாள், பின்னாலேயே சித்தியும். "தனியா விட்டுட்டேனே, போரடிச்சுதா?"

"இல்ல அத்தை, இங்கயே உட்கார்ந்து சுவர்ல இருக்கற போட்டோவெல்லாம் பார்த்துட்டிருந்தேன்."

அப்பாவும் மகனும் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வெயில் சாய்வாகத் தரையில் படிந்தது. அப்பா குனிந்தார். "இதென்ன, வீட்டுக்குள்ள ஆடு கீடு புகுந்துச்சா?"

புதுத் தரையெங்கும் சின்னச் சின்ன வட்டக் குழிகள்.

காதலன் வாய்விட்டுச் சிரித்தான். "மாட்டிக்கிட்டியா! யானைக் காலைவிட ஹீல்ஸுக்குத்தான் அழுத்தம் ஜாஸ்தின்னு கிளாஸ் எடுக்கறவளே நீதானே? பரப்பு குறைஞ்சா அழுத்தம் கூடும். எனக்கே பாடம் எடுத்தியே!"

அவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் சித்தியின் பார்வை குழிகளைப் பின்பற்றிக் கிளம்பிவிட்டது. வாசலிலிருந்து சோபா. சோபாவிலிருந்து நடை. நடையிலிருந்து நேரே சமையலறைக் கதவு. நடந்த இடத்தில் குழிகள் லேசாக இருந்தன. கதவோரம் ஒற்றைக் குழி, விரல் நுனி பதியும் ஆழத்துக்கு. முழு எடையும் ஒரே குதிகாலில் இறங்கி, அசையாமல் நின்ற இடம். அதைப் படிக்க இயற்பியல் தேவையில்லை.

"உட்கார்ந்த இடத்துலேர்ந்தே போட்டோ பார்த்தியாக்கும்?" என்றாள் சித்தி.

டீச்சருக்குக் காது மடல் வரை எரிந்தது. நிமிர்ந்தபோதுதான் அம்மாவைப் பார்த்தாள். அந்த முகம் தன்னுடையதைவிட மோசமாக வெளுத்திருந்தது. திருடியவளைவிடத் திருட்டுக்கொடுத்தவள் கூனிக்குறுகி நின்றாள்.

"கரப்பான்பூச்சி வந்துச்சுன்னு எழுந்திருப்பா" என்று காதலன் காப்பாற்றப் பார்த்தான்.

"இல்ல" என்றாள் டீச்சர். "ஒட்டுக் கேட்டேன். பொய்யும் சொன்னேன். மன்னிச்சிடுங்க அத்தை."

"எதுவரைக்கும் கேட்டே?" அம்மா தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"யாருடி கேட்டான்னு சொன்னீங்களே... பயம்னு சொன்னீங்களே... அதுவரைக்கும்."

காதலனுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. "என்னம்மா பயம்?" என்றான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, அந்தச் சம்மதம் எப்படி வந்தது என்று அவனுக்கும் புரிந்தது. பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கேக் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் கேக்கறேன் அத்தை. உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா? இல்லேன்னாலும் சொல்லுங்க. இவரை எங்கயும் கூட்டிட்டுப் போயிட மாட்டேன்."

அம்மா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "இன்னும் தெரியலம்மா" என்றாள்.

டீச்சர் தலையசைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்டே?" அம்மா சமையலறைக்குள் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உள்ள வந்து உட்காரு. என்ன கேக்கணுமோ உட்கார்ந்து கேளு. கதவுக்கு வெளிய நின்னா உனக்கும் கேவலம், எனக்கும் கேவலம், தரைக்கும் தண்டம்."