சேர்மன் தலையிலிருந்து பறித்த தொப்பி

வாய் சும்மா இருந்திருந்தால் தலைப்பாகைக்கு ஆபத்து வந்திருக்காது. தும்பே கிராமத் தலைவர் கிதாதோவிடம் இதைச் சொல்லாத ஆள் ஊரில் பாக்கியில்லை. அவர் மனைவி அஸ்தா மட்டும் அந்த வெள்ளிக்கிழமை காலையில் நாலு தடவை சொல்லிவிட்டாள்.

நடந்தது இதுதான். புதிதாக ஜெயித்து வந்த உள்ளாட்சி சேர்மன் தங்கோ, போன வாரம் ஊருக்கு ஆழ்குழாய்க் கிணறு திறக்க வந்தார். காரை விட்டு இறங்கியவரின் நெற்றியிலிருந்து மூக்குவரை நேராக ஒரு கீறல் தழும்பு. கனூரி இனத்தாரின் அடையாளக் கோடு அது. பார்த்ததுமே கிதாதோவுக்குக் கை பரபரத்தது. அவர் மாடு மேய்க்கும் ஃபுலானி இனம். ஃபுலானிக்கும் கனூரிக்கும் மாமன் மச்சான் போலக் கேலி முறை உண்டு. என்ன திட்டினாலும் கோபிக்கக் கூடாது, பறித்த பொருளை, வெற்றிலை பாக்கு மாதிரி மெல்லும் கோலாக் கொட்டை கொடுத்துத்தான் மீட்க வேண்டும். கோபித்தவன் தோற்றவன்.

"எங்க தாத்தா வீட்டு எடுபிடி கார்ல வந்து எறங்குறான் பாரு!" என்று கத்திக்கொண்டே போய் சேர்மன் தலையிலிருந்த தொப்பியைப் பறித்துத் தன் தலைப்பாகைக்கு மேலே வைத்துக்கொண்டார் கிதாதோ.

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. சேர்மன் சிரிக்கவில்லை. கொடுத்த தினைக்கூழ் மோரைத் தொடாமல், வெறுந்தலையோடு காரில் ஏறிப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் அலுவலகக் கடிதம் வந்தது. தக்க விளக்கம் தராவிட்டால் பதவி நீக்கத்துக்குப் பரிந்துரைக்கப்படும், நகல் அந்த வட்டாரத்து அரசரான எமிருக்கு என்று எழுதியிருந்தது. மறுநாளே சிவப்பும் பச்சையுமாக அங்கி போட்ட அரண்மனைக் காவலர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் எமிர் முன்னால வரணும். தொப்பியும் வரணும்" என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். சேர்மன் கனூரியே இல்லையாம். அது சின்ன வயசில் வலிப்பு வந்தபோது வைத்தியத்துக்காகக் கீறின தழும்பாம்.

கிதாதோ அந்தத் தொப்பியை எடுத்துத் துணியில் சுற்றி வைத்தார். முறையில்லாதவன் தொப்பியைப் பறித்தால் அது கேலியில்லை, அவமானம். அவருக்கு முன்னால் தலைவராக இருந்தவர் பதவி போனதும் ஊரை விட்டே போனார். மாமனார் ஊரில் இப்போது அவரைச் சின்னப் பிள்ளைகள்கூட 'பழசு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பதவி கொடுத்த அன்று எமிர் தன் கையால் கட்டிவிட்டு, ஒன்பது வருஷம் கட்டிய தலைப்பாகை இது. இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டுதான் அரண்மனை வாசலில் செருப்பைக் கழற்றினார்.

எமிர் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றித் துணி கட்டி உயரத்தில் அமர்ந்திருந்தார். கீழே பாயில் ஒரு பக்கம் சேர்மன், மறுபக்கம் கிதாதோ, நடுவில் தொப்பி.

"கிதாதோ, நெசமா புடுங்குனியா?"

"புடுங்கினேன், உங்க ஆயுசு நீளட்டும். மூஞ்சில கோட்டப் பாத்துட்டு கனூரின்னு நெனச்சுட்டேன். தப்பு என் மேலதான்."

எமிர் சேர்மன் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க எந்த ஆளுங்க?"

சேர்மனின் தேர்தல் நோட்டீஸில் 'வணிகர் மகன்' என்று போட்டிருந்தது. சேர்மன் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னார்.

"எங்கப்பா கொல்லருங்க, உங்க ஆயுசு நீளட்டும். சந்தைக்குப் பின்னால பட்டறை. மம்பட்டி அடிச்சுத்தான் என்னைப் படிக்க வெச்சாரு. கொல்லன் மகன்னா எளப்பமா பாப்பாங்கன்னு நான்தான் வெளிய சொல்லிக்கல. இவரு எடுபிடின்னு கத்துனப்ப, எல்லாம் தெரிஞ்சுதான் குத்திக் காட்டுறாருன்னு நெனச்சுட்டேன்."

கிதாதோ பேசாமல் இருந்திருக்க வேண்டும். சத்தியமாக இருக்கத்தான் நினைத்தார்.

"கொல்லனா? அட துருத்தி ஊதுற பயலே! இத அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? கனூரியாவது ஒரு படி தள்ளி. ஃபுலானிக்குக் கொல்லன்தான்டா மொத மச்சான்!"

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அரண்மனை ஆட்கள் எமிரையே பார்த்தார்கள்.

சேர்மன் மெதுவாக நிமிர்ந்தார். முகத்தில் பல வருஷ இறுக்கம் விட்டுப்போயிருந்தது.

"மாடு தொலைஞ்சா ஏழு ஊரு தேடுவ, பொண்டாட்டி தொலைஞ்சா தூங்கப் போயிருவ, பால்காரப் பயலே! எங்கப்பன் அடிச்ச கத்தி இல்லன்னா, உங்க கூட்டத்துல ஒருத்தனுக்கும் தொப்புள் கொடிகூட அறுத்திருக்க மாட்டாங்க!"

"நானும் ஃபுலானிதான்" என்றார் எமிர். "என்னையும் சேர்த்தா சொல்றீங்க?"

"மன்னிக்கணும்... ஆமாங்க."

முகத்துணிக்குள் சிரித்த எமிரின் தோள் குலுங்கியது. அவ்வளவுதான், கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. கிதாதோவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாடா என்று பாயில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"அந்தக் கடுதாசி?" என்று கேட்டார் எமிர்.

"விளக்கம் கெடச்சிருச்சுங்க" என்று சேர்மன் எமிரிடமிருந்த நகலை வாங்கி நாலாகக் கிழித்துப் பையில் போட்டார். பிறகு எழுந்து தன் தொப்பியை மாட்டிக்கொண்டு, நேரே வந்து கிதாதோவின் தலைப்பாகையை உருவிவிட்டார். "முறைன்னா ரெண்டு பக்கமும் முறைதான். நூறு கோலாக் கொட்டை கொண்டா. அதுவரைக்கும் இது எங்கப்பன் பட்டறையில தொங்கும். ஊரே வந்து பாக்கட்டும்."

கிதாதோ பரிதாபமாக எமிரைப் பார்த்தார்.

"கட்டிவிட்டவன் நானு. நான் அவுக்கலையே" என்றார் எமிர். "நீ தலைவன்தான், போ. வெறுந்தலைத் தலைவன்."

சாயங்காலம் வீட்டு வாசலில் அஸ்தா நின்றுகொண்டிருந்தாள். வெறுந்தலையோடு வருகிறவரைப் பார்த்ததும் கையிலிருந்த சுரைக்குடுவையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, போச்சா? வாய மூடு, வாய மூடுன்னு நாலு தடவ சொன்னேனே!"

கிதாதோவுக்குச் சிரிப்பை அடக்கி வார்த்தை வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "போகலடி. சேர்மன் கொல்லன் மகனாம். முறைப்படி புடுங்கிட்டான். நூறு கோலாக் கொட்டை கேக்குறான்."

அஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நூறா? துருத்தி ஊதுறவனுக்கு அவ்வளவு கொழுப்பா? அம்பதுக்கு மேல ஒண்ணு குடுக்கக் கூடாது. நாளைக்கு நானும் வரேன். நீங்க வாய மூடிட்டு நில்லுங்க, நான் பேசிக்கிறேன்."